பிரின் ரொம்ப நன்றாக நடந்துவிட்டாள்

அமெரிக்காவில், பெரிய ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் டுலூத்தில் பள்ளிப் பேருந்துகளுக்கு வழி பிரித்துக் கொடுக்கும் அலுவலகத்தில் பிரின் ஹால்வர்சனுக்கு வேலை. அவளுக்குப் பிறவியிலேயே பெருமூளை வாதம். இடது கையும் காலும் அவள் சொல்வதைக் கேட்கும். சற்று யோசித்துவிட்டுத்தான் செய்யும்.

இவளைப் போன்ற பெண்களுக்கென்றே ஒரு கால்பந்து உண்டு. அணிக்கு ஐந்து பேர். போட்டிக்கு முன் டாக்டர் ஒவ்வொருத்தியையும் சோதித்து வகுப்புப் பிரிப்பார். பாதிப்பு அதிகமென்றால் முதல் வகுப்பு, நடுத்தரமென்றால் இரண்டு, லேசென்றால் மூன்று. ஓர் அணியில் மூன்றாம் வகுப்புக்காரி ஒருத்திதான் ஒரு நேரத்தில் மைதானத்தில் இருக்கலாம். பிரின்னின் அணியில் அந்த இடம் கேப்டன் யோலி மயெஸ்டாஸுக்கு. பிரின்னுக்கும் மூன்று என்று வந்துவிட்டால், ஓரமாக உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் நீட்ட வேண்டியதுதான்.

நன்றாகச் செய்தால் நஷ்டம் தரும் பரீட்சை இது. வேண்டுமென்றே மோசமாகச் செய்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

"உன் ஒழுங்கு நடையெல்லாம் உள்ள வேணாம்டி. நடிக்கவும் வேணாம். நீயா இரு, போதும்," என்றாள் யோலி, டாக்டர் அறை வாசலில்.

"நானா இருக்கிறதுன்னா எப்படி?"

"கடையிலேர்ந்து பால் கேனைத் தூக்கிட்டு வருவியே, அப்படி."

பிரின் உள்ளே போனாள். வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது. சின்ன வயதிலிருந்து எத்தனை பிசியோதெரபிஸ்டுகள்: குதிகாலை முதலில் ஊன்று, கையைத் தொங்கவிடு, ஒழுங்காக நடந்தால் ஒரு ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கருக்காகவே நடப்பதுபோல நடந்தாள்.

"அழகா நடக்கறீங்க," என்றார் டாக்டர்.

"தேங்க்ஸ்," என்றாள் இவள், முகமெல்லாம் சிரிப்பாக.

வகுப்பு மூன்று. முதல் ஆட்டத்தில் பார்த்த பிறகே அது உறுதியாகும் என்றார்கள்.

"தேங்க்ஸ் வேற சொன்னியாமே," என்றாள் யோலி.

"பழக்கம்டி. வாய் தானா சொல்லிடுச்சு."

டாக்டர் பார்ப்பதற்காக முதல் ஆட்டத்தில் பிரின் இறங்கினாள். விதிப்படி யோலி வெளியே. ஆரம்பத்தில் பிரின் பந்தைவிட்டுத் தன் காலையே கவனித்துக்கொண்டிருந்தாள். யாரும் பார்க்காதபோது தான் எப்படி நடக்கிறோம் என்பது அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. நமக்கு மட்டும் தெரியுமா?

பிறகு எதிரணிக்காரி ஒருத்தி அவள் காலடியிலிருந்தே பந்தைப் பறித்துக்கொண்டு ஓடினாள். பிரின்னுக்குக் கோபம் வந்தது. துரத்தினாள். இடது கை மடங்கி நெஞ்சுக்கு ஏறியது, இடது ஷூவின் முனை புல்லை உழுதது. இடப்பக்கம் திரும்பும்போது விழுந்தாள், எழுந்தாள், பந்தைப் பிடுங்கினாள். இரண்டாம் பாதியில் கால் பலகையாக விறைத்துவிட்டது, அப்படியும் ஓடினாள். ஏரிக்காற்றில் பறக்கும் வெள்ளைக் கோட்டைப் பிடித்தபடி நின்ற டாக்டர் ஒருவர்தான் பந்து போன திசையையே பார்க்கவில்லை.

மாலையில் முடிவு வந்தது: வகுப்பு இரண்டு. அடுத்த ஆட்டத்தில் இருவருமே இறங்கலாம்.

"வாழ்த்துகள்டி," என்றாள் யோலி. "உனக்குக் கால் சரியில்லன்னு உலகமே ஒத்துக்கிச்சு."

"மெதுவா பேசு. எங்க ஆபீஸ்ல இன்னும் இது ஐஸ் ஹாக்கில அடிபட்ட முட்டின்னுதான் நினைச்சிட்டிருக்காங்க."