ஒற்றைத் தும்மல் கம்பவுண்டர்

ஊரார் தும்மலுக்கு மருந்து கொடுக்கிறவன், தான் தும்மவே கூடாது. இது எங்கள் தொழிலில் எழுதி வைக்காத சட்டம். எண்பதுகளில் இராஜபாளையத்தில் ஒரு டாக்டரிடம் நான் கம்பவுண்டர். பஞ்சு மில் ஊர், அலர்ஜி கேஸுக்குக் கேட்பானேன்! அந்தப் பஞ்சுத் தூசி எனக்கும் ஆகாது. மூக்கரிப்புக்கார மக்களே, நீங்களாவது அடுக்கடுக்காகத் தும்முவீர்கள். எனக்கு வாய்த்தது ஒன்றே ஒன்று. இரட்டைத் தும்மல் நல்லது, ஒற்றை என்றால் தடங்கல் என்று சகுனம் பார்க்கிற ஊரில் ஒற்றைத் தும்மல்!

சட்டைக் கை

ஊசி போட்டுக்கொள்ளச் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்தார் ஒரு வியாபாரி. நான் தும்மினேன். சுருட்டிய கையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தே போய்விட்டார். அந்த வாரத்தில் அவர் மூன்றாவது ஆள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அப்படிக் கழற்றினாலே விசேஷம்தான். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் எனக்கு. அவர் சொன்னார்: "இன்னும் ஒரு ஆளு உன் தும்மலால எந்திரிச்சுப் போனா, அவரு பின்னாலயே நீயும் போயிரு."

மூக்குக்குக் கட்டு

பேண்டேஜ் துணி நெய்கிற அண்ணாச்சி ஒருவர். தும்மித் தும்மிக் கண் இரண்டும் கோவைப்பழம். "தறிக்குப் போனா மூக்குல துணி கட்டணும்" என்றார் டாக்டர். அடுத்த வாரமும் அதே கண்ணோடு வந்து நின்றார்.

"கட்டலையா அண்ணாச்சி?" என்றேன். அவருக்கு வந்ததே கோபம்! "கட்டுனேனே! பாக்கவன் பூராம் 'ஏலே, யாருகிட்ட அடி வாங்குன'ன்னு கேக்கான். ஊருக்கே கட்டுத்துணி நெய்யிறவன் மூஞ்சியில கட்டோட நின்னா நல்லாவா இருக்கு?"

தூக்கம் இலவசம்

நானும் வேலை போய்விடுமே என்று பயந்து அலர்ஜி மாத்திரையை விழுங்கிப் பார்த்தேன். தும்மல் நின்றது. நானும் மருந்து அலமாரியில் சாய்ந்து நின்றபடியே தூங்கினேன். அன்றிலிருந்து மாத்திரை வாங்குகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி அனுப்புவேன்: இதைப் போட்டால் தூக்கம் வரும், மெஷின் பக்கம் போகாதீர்கள், சைக்கிள் ஓட்டாதீர்கள்.

எது கடித்தது என்றே தெரியாத காணாக்கடியில் உடம்பெல்லாம் தடித்துப்போன புருஷனுக்கு வாங்கிப்போன ஒரு அக்கா, நாலாம் நாள் தனியாக வந்தார். "தடிப்பு போகலையாக்கா?" என்றேன். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அது மொத நாளே போயிருச்சு. மாத்திரையப் போட்டா அவிய ஏழு மணிக்கெல்லாம் தூங்கிருதாக, வீடு எம்புட்டு நிம்மதியா இருக்கு! இன்னும் ஒரு அட்டை குடுங்க."

பதினைந்து நிமிஷம்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடைக்காரர் ஒருவர் கால் புண்ணோடு வந்தார். பென்சிலின் ஊசி. முதலில் முன்கையில் துளி மருந்தை ஏற்றி, சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, பதினைந்து நிமிஷம் பார்க்கவேண்டும். தடித்தால் ஊசி கிடையாது, மீறிப் போட்டால் உயிருக்கே ஆபத்து. மனுஷர் ஐந்தே நிமிஷத்தில் எழுந்துவிட்டார். "மதுரை பஸ் போயிரும். போடுதீகளா, நான் கெளம்பட்டா?"

டாக்டரோ உள்ளே வேறு ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இவர் போனால் என் வேலையும் போச்சு! புத்தி கெட்டுப்போய், ஊசியில் மருந்தை ஏற்றிவிட்டேன். ஸ்பிரிட் தொடப் பஞ்சைப் பிய்த்தேன். பஞ்சாயிற்றே, சும்மா விடுமா? அச்! உடனே இரண்டாவது ஒன்றைப் பொய்யாகப் போட்டுப் பார்த்தேன். "அது இருமலு, கணக்குல சேராது" என்று கையை இழுத்துக்கொண்டு, தண்ணீர் வாங்கிக் குடித்து, சகுனம் கழியட்டும் என்று உட்கார்ந்துவிட்டார்.

பஸ் போனது. பேனா வட்டத்தையும் தாண்டிக் கை சிவந்து வீங்கியது. ஓடி வந்த டாக்டர் ஏற்றிவைத்த ஊசியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார். வாங்கின ஏச்சை இங்கே எழுத முடியாது. கடைக்காரர்தான் என் தோளில் கை போட்டுக்கொண்டு குறுக்கே வந்தார்: "டாக்டரய்யா, இவர எம்புட்டு வேணும்னாலும் ஏசுங்க, இவரு தும்மலுக்கு மட்டும் வைத்தியம் பாத்துராதீக!"

ஊரார் தும்மலை நிறுத்தத்தான் எனக்குச் சம்பளம். வேலை நிலைத்தது என்னவோ நிற்காத என் தும்மலால்தான்.