நாரைக் கூட்டுக்கு இரண்டாவது கமரா

சீமைக்குத் திரும்பவிருந்த வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர் தன் கமராவை என்னிடம் தந்து, ஒரு கிழமை வைத்துப் பார், வேண்டாமென்றால் சனிக்கிழமை கொண்டுவந்து தா என்றார். என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. ஒருதரம் விசையை அமத்தினால் உறையோடு கண்ணாடித் தகட்டை மாற்ற வேண்டும். மாற்றி முடிப்பதற்குள் பறவை போய்விடும். இரண்டு இருந்தால் அந்தச் சனியன் பிடித்த தாமதம் இல்லை என்று நினைத்தேன்.

அப்போது பழுகாமத்துப் பக்கம் வாவியோரச் சேற்றில் வளர்கிற கண்ணா மரக் காட்டில் ஒரு நாரைக் கூடு இருந்தது. குஞ்சுகளுக்கு இறக்கை முற்றிவிட்டது, இன்றோ நாளையோ பறந்துவிடும். தாய் வந்து இரை கொடுக்கிற படம் அதற்குள் கிடைக்காவிட்டால் அந்த வருஷம் கிடையாது.

மூன்று வருஷமாக என் மனைவிதான் என்னோடு வருவாள். நான் சேற்றில் கமராவை நட்டுக் கறுப்புத் துணிக்குள் ஒளிந்திருப்பேன். தலையை நீட்டினால் பறவை கிட்ட வராது. அவள் எனக்குப் பின்னால் தோணிக்குள் இலைகுழைகளுக்கு நடுவே இருப்பாள். நாரை இறங்கியதும் என் முதுகில் தொடுவாள், நான் அமத்துவேன். அவளுக்கு இரண்டு பக்கமும் பன்புல்லால் இழைத்த இரண்டு பெட்டிகள். எடுக்காத தகடு வலப்பக்கம், எடுத்தது இடப்பக்கம்.

இனி நீ வெயிலில் காயத் தேவையில்லை என்று, பெரிய உபகாரம் செய்கிறவன்போல அவளிடம் சொன்னேன். அவள் சோறு மட்டும் கட்டித் தந்தாள்.

வெள்ளிக்கிழமை தனியே போனேன். இரண்டு கமராவையும் நட்டு, ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவி, நாரை வந்ததா என்று எட்டி எட்டிப் பார்த்து, தகடுகளை எல்லாம் ஒரே பெட்டிக்குள் போட்டுக் குழப்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து கழுவிப் பார்த்தால் எடுத்த தகட்டிலேயே திரும்ப எடுத்து, ஒன்றில் கூட்டின்மேல் கூடு, மற்றதெல்லாம் வெறும் கண்ணாடி.

மறுநாள் காலை இஞ்சினியரின் கமராவைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். எனக்கு ஒன்றே போதும், நீ வா என்று அவளிடம் சொன்னேன். சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. அவள் பெட்டியின் மூடிமேல் கையை வைத்தாள்.

"குடுக்க வேணாம். இத எனக்குப் பழக்கி விடுங்க. மூணு வருஷமா அது இறங்கிறத நான்தான் பாக்கிறன். நீங்க ஒருநாளும் பாக்கல்ல."

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது உண்மை, அதனால்தான். இஞ்சினியரிடம் வெறுங்கையோடு போய், கமராவை நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்றேன்.

திங்கட்கிழமை இருவரும் போனோம். நல்லகாலம், குஞ்சுகள் கூட்டிலேயே இருந்தன. அவள் துணியெல்லாம் போர்க்கவில்லை. தரைதட்டிய தோணிக்குள் இலைகளுக்கு நடுவே கமராவை வைத்துக்கொண்டு, ஒரு கையால் என் முதுகைத் தொட்டாள், மறுகையால் தன்னுடையதை அமத்தினாள்.

என் தகட்டில் கூட்டில் நின்ற நாரையின் முதுகு விழுந்திருந்தது. அவளுடையதில் நாரை கால்களை முன்னே நீட்டி, இறக்கையை விரித்து இறங்குகிறது. கீழே இரண்டு குஞ்சுகளும் வாயைத் திறந்தபடி. நாரை இறங்குவதை நான் முதல்முதலாகப் பார்த்தது அந்தப் படத்தில்தான்.