ஐயனாருக்கு ஓர் ஈய டாங்கி

பர்மிங்காம் நகரில் நான் நாள்தோறும் கடந்து செல்லும் பொம்மைக் கடை ஒன்றின் முன் சனிக்கிழமைதோறும் வரிசை நிற்கும். அவ்வரிசையில் குழந்தை ஒன்றும் இராது. தொப்பியும் குடையுமாக நடுவயது கடந்த ஆண்கள், வங்கியில் பணம் எடுக்க வந்தவர்களைப் போன்ற முகத்தோடு நிற்பார்கள். முறை வந்ததும் நகத்தளவேயான ஈயப் போர்வீரர்களையும் சுண்டுவிரல் நீளமேயான டாங்கிகளையும் வாங்கிச் செல்வார்கள். பேரப்பிள்ளைகளுக்கு வாங்குகிறார்கள் என்றே வெகுகாலம் எண்ணியிருந்தேன். என்னோடு இரயில்வே அலுவலகத்தில் பணிபுரியும் ஹெரால்டு, ஒருநாள் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்ற பின்னரே உண்மை விளங்கிற்று. உணவு மேசைமேல் பச்சைக் கம்பளி விரித்து, அடியில் புத்தகங்களைச் செருகிக் குன்றுகள் எழுப்பி, அவரும் நண்பர் ஒருவரும் எதிரெதிர் நின்று போர் நடத்தினார்கள். வண்டியை நகர்த்த அளவுநாடா, சுடுவதற்குப் பகடை. நண்பர் தேநீர் எடுக்க உள்ளே சென்றிருந்தபோது ஹெரால்டு நாடாவை நீட்டிப் பார்த்தார். தம் டாங்கி எதிரியின் குண்டுக்கு எட்டும் தொலைவில் நிற்பதைக் கண்டு, யாரும் கேளாமலே அதை அழிந்ததாகக் கொண்டு எடுத்துக் களத்துக்கு வெளியே வைத்தார். சென்ற உலகப் போரில் ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் மெய்யான டாங்கியை ஓட்டியவர் அவர். பார்ப்பவர் இல்லாத வேளையிலும் தம் தோல்வியைத் தாமே ஒப்புக்கொண்ட அந்த மனிதர்மேல் அன்றே எனக்குப் பெருமதிப்பு உண்டாயிற்று.

அக்கடைக்கு நானும் வாடிக்கையாளன் ஆவேன் என்று அப்போது நினைக்கவில்லை. பாகிஸ்தானோடு போர் நடந்த அறுபத்தைந்தாம் ஆண்டின் இறுதியில் விடுப்பில் திண்டுக்கல் சென்றிருந்தேன். என் அக்கா பொன்னுத்தாய் சித்தையன்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவள். கத்தரியும் வெங்காயமும் விளைவித்து ஒட்டன்சத்திரம் சந்தைக்கு அனுப்பும் குடும்பம். அவள் மகன் தங்கவேல் படையில் டாங்கி ஓட்டுபவன். எல்லையில் அவன் வண்டி எரிந்தது, அவன் பிழைத்தான், முதுகின் தீக்காயம் ஆறும்வரை வீட்டில் இருக்க அனுப்பப்பட்டிருந்தான். அதற்குமேல் அவன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. கேட்டால் எழுந்து வாய்க்காற்பக்கம் போய்விடுவான். மகன் உயிரோடு திரும்பினால் அவன் ஓட்டிய வண்டியையே உருவாரமாக வைப்பதாக அக்கா ஐயனாருக்கு நேர்ந்திருந்தாள். உருவாரம் என்பது, குணமான கால், பிழைத்த பசு, பிறந்த பிள்ளை என வேண்டுதல் எதுவோ அதன் மண்ணுருவைத் தெய்வத்தின் முன் வைப்பது. அதைச் சுட்டுத் தரும் வேளாரிடம் அக்காவோடு நானும் போனேன்.

"குதிரை கேளு தாயி, பசு கேளு, தொட்டில் புள்ள கேளு. டாங்கின்னா அதுக்கு மூஞ்சி எங்கிட்டு இருக்கும்?" என்றார் அவர்.

"மூஞ்சியெல்லாம் கெடையாது வேளாரே. முன்னாடி நீளமா ஒரு கொழாய் நீட்டிக்கிட்டு நிக்கும்" என்றாள் அக்கா.

அடுத்த சூளையில் அது வெந்து வந்தது. அக்கா பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "அட என்ன வேளாரே, இது யானையால்ல இருக்கு!"

"காலுக்குப் பதிலாச் சக்கரம் வச்சிருக்கேன்ல தாயி?"

"சக்கரம் வச்ச யானை! இதக் கொண்டுபோயி வச்சா, இவ எப்ப யானை வாங்குனான்னுல ஐயனாரு கேப்பாரு!"

வேளாரே சிரித்துவிட்டார். திரும்பும் வழியில் அக்கா என் கையைப் பற்றினாள். "தம்பி, நீ இருக்க சீமையிலதான் அந்த வண்டியச் செய்றாகளாம். சின்னதா ஒன்னு வாங்கி அனுப்பிரு. ஒடஞ்சது, கோணுனது சாமிக்கு ஆகாது, பாத்துக்க. இது தீர்ற வரைக்கும் எம்புள்ள வீடு வந்து சேந்துட்டான்னு எனக்குத் தோணவே இல்ல."

பர்மிங்காம் திரும்பிய முதல் சனிக்கிழமையே அவ்வரிசையில் நின்றேன். தங்கவேல் ஓட்டியது சென்சூரியன் என்னும் பிரிட்டானிய வகை. கடையில் அது இருந்தது. ஒன்று வேண்டும் என்றேன். மூன்று வண்டிகள் சேர்ந்தது ஓர் அணி, மூன்றாகத்தான் விற்பனை என்றார் கடைக்காரர். எதிர்ப்படைக்கு என்ன வாங்கப்போகிறேன் என்று கேட்டார். எதிர்ப்படை இல்லை, ஒரு வண்டி கடவுளின் முன் நிற்கப்போகிறது என்றேன். அவர் சற்றே சிந்தித்து, கேலியின் சாயல் துளியும் இன்றி, "உங்கள் கடவுள் எந்தத் தரப்பு?" என்று கேட்டார். மூன்றையும் வாங்கிக்கொண்டு வெளியேறினேன்.

வண்ணம் பூசித் தர ஹெரால்டு இசைந்தார். அவர் என்னிடம் கேட்டவை இரண்டே. "உங்கள் மருமகன் ஓட்டுநரா?" ஆம். "வண்டி எரிந்தபின் தாமே வெளியே வந்தாரா?" ஆம். மறுவாரம் தீப்பெட்டியில் பஞ்சு வைத்து ஒன்றைத் தந்தார். தூசியின் நிறமும் சங்கிலிப் பட்டையின் துருவும் கண்ணால் கண்டு தீட்டியவை போல இருந்தன. ஆனால் பீரங்கிக் குழல் ஒருபக்கம் திரும்பியிருந்தது. ஓட்டுநரின் மூடியை அரத்தால் அறுத்துத் திறந்து ஒட்டியிருந்தார். அக்காவின் சொல் நினைவுக்கு வந்து, குழலை நேராக்க இயலுமா என்று தயங்கிக் கேட்டேன். "கூடாது. இப்படித்தான் இருக்க வேண்டும்" என்றார். அவர் உழைப்பைக் குறைகூற மனமின்றி, அவரைப் பற்றி ஒரு குறிப்பும் எழுதி வைத்து அஞ்சலில் சேர்த்தேன். ஐயனாருக்கு ஆகாத பொருளையே அனுப்புகிறேன் என்ற உறுத்தலோடுதான் சேர்த்தேன்.

அக்கா சொல்லச் சொல்லத் தங்கவேல் எழுதிய மறுமொழி வந்தது. "தம்பி, பிரிச்சுப் பாத்ததும் எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. கொழாய் கோணிக்கிட்டு, மூடி பொளந்துக்கிட்டு. ஒடஞ்சதையாடா ஒம் மாமன் அனுப்புவான்னு வஞ்சேன். இவன் அதக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தான். அப்பறம் கொழாயத் தொட்டுக் காட்டி, 'இது நேரா நின்னுருந்தா என் மூடி தொறந்திருக்காதும்மா. மேல பீரங்கிக்கிட்ட இருந்த குர்தியாலுன்னு ஒரு பஞ்சாபிக்காரன்தான், நான் வெளிய போகட்டும்னு இதத் திருப்பிவிட்டான். அவன் வரல'ன்னான். அம்புட்டையும் அன்னைக்குத்தான் சொன்னான். சொல்லி அழுதான். நான் நேராக்காம அப்படியே சாமிகிட்ட வச்சுட்டேன். இன்னொன்னு அனுப்பு தம்பி. அந்தப் புள்ளைக்குப் பஞ்சாபுல எந்தச் சாமியோ நமக்கென்ன தெரியும்? நம்ம ஐயனாருகிட்டயே நிக்கட்டும். அதுல மூடி சாத்தியிருக்கணுமா தொறந்திருக்கணுமான்னு அந்த வெள்ளக்காரரையே கேட்டுக்க."

கேட்டேன். ஹெரால்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் மாட்டிக்கொண்டார். பாலைவனத்தில் அவருக்காக யார் குழலைத் திருப்பினார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிறகு அரத்தை எடுத்தார். "எல்லாவற்றையும் திறந்து வைக்கிறேன்" என்றார்.

அந்த வண்டியும் கப்பலேறிவிட்டது. எஞ்சிய மூன்றாவதை உங்கள் படையின் நிறத்தில் தீட்டட்டுமா, எங்கள் படையின் நிறத்திலா என்று ஹெரால்டு சந்திக்கும்போதெல்லாம் கேட்கிறார். யோசித்துச் சொல்வதாக ஒவ்வொரு முறையும் கூறி வருகிறேன். வண்ணம் ஏதும் ஏறாமல், வெறும் ஈயமாக, அது என் சன்னல் விளிம்பில் நிற்கிறது.