முகூர்த்த நாளில் வெளியே வராதே

வெள்ளைக்காரன் காலத்தில், தான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டையே புருஷனை இழந்து போக்கிடமில்லாத பெண்களுக்குத் திறந்துவிட்டவர் அந்த அம்மா. அவரும் சின்ன வயதிலேயே தாலியறுத்தவர். கோவில்பட்டியில் இருந்த அந்த வீட்டுக்கு எழுபதுகளின் தொடக்கத்தில் போனேன். புருஷனுக்குக் கருமாதி முடிந்ததும் மாமியார் என்னை வெளியே தள்ளிவிட்டாள்.

அங்கே ஒரு வழக்கம். புதிதாக வந்தவள்தான் அன்று சாயங்காலம் முன்கூடத்துக் குத்துவிளக்கை ஏற்ற வேண்டும். நான் பயந்து நின்றேன்.

"ஏட்டி, எதுக்கு முழிக்க? விளக்குக்குக் கண்ணா இருக்கு, ஏத்துதது யாருன்னு பாக்க?" என்று அம்மா அதட்டினார். ஏற்றினேன்.

அம்மா எடுத்து வளர்த்த பெண் ஒருத்தி இருந்தாள். அவளை அக்கா என்போம். அவள் கல்யாணத்தை அம்மா அந்தக் கூடத்தில்தான் நடத்தினார். அவளுக்குத் தலை வாரிப் பூ வைத்தது நாங்கள். எங்கள் கை அன்று ஆகாத கையாக இல்லை.

அம்மா இறந்த பிறகு நிர்வாகம் அக்காவிடம் வந்தது. நம்மவள் என்று சந்தோஷப்பட்டோம். முன்கூடத்தை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டினால் வீட்டுக்கு வருமானம் என்றாள். நம்பினோம். கரிசலில் அஸ்திவாரம் ஆழமாகப் போக வேண்டும். வெயிலில் தண்ணீர் சுமந்தது நாங்கள்தான்.

முதல் கல்யாணத்தன்று விளக்கைப் புளி போட்டுத் துலக்கித் திரியிட்டு, ஏற்றப் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீ ஏத்தாதட்டி. மாப்பிள்ள வீட்டுக்காரவிய எந்திரிச்சுப் போயிருவாவ. பந்தி முடியுத வரைக்கும் எல்லாரும் பின்கட்டுல இருங்க."

எங்களில் மூத்தவள் சும்மா இருக்கவில்லை. "நாம நறுக்குன கத்திரிக்கா மட்டும் அவியளுக்கு ஆகுமாக்கும்? சாம்பார்ல நம்ம மூஞ்சி தெரியாதோ?"

அக்கா சிரிக்கவில்லை. "அம்மா பேரத்தான மண்டபத்துக்கு வச்சிருக்கேன்?" என்று சொல்லிவிட்டு அவளே விளக்கை ஏற்றினாள்.

அதன்பின் ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் பின்கட்டுக் கதவைச் சாத்தினாள். வாயை மூடிக்கொண்டு காய் நறுக்கினோம். வேறு இடம் எங்கே இருக்கிறது?

ஒரு தை மாத முகூர்த்தத்தன்று, கழுகுமலை பஸ்ஸில் வந்த ஒருத்தி வாசலில் நின்றாள். வெறும் கழுத்து, இடுப்பில் பிள்ளை. வாழைமரத்தைத் தாண்டி உள்ளே வரவில்லை. பின்கட்டின் சந்துப்பக்க ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அக்கா அவளைச் சந்துப் பக்கம் கூட்டிக்கொண்டு வந்து, "இன்னைக்கு ஆகாது, இன்னொரு நாள் வா" என்றாள். நான் கதவைத் தட்டித் திறக்கச் சொல்லித் தெருவுக்கு ஓடினேன். ஆளைக் காணவில்லை. பிறகும் அவள் வரவில்லை என்று மூத்தவள் பின்னாளில் சொன்னாள்.

அன்றே பெட்டியைக் கட்டினேன். புதியம்புத்தூரில் தையல் வேலை கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

அக்கா வழி மறித்தாள். "அம்மா இருந்தா இப்படி விட்டுட்டுப் போவியாட்டி?"

"அம்மா இருந்தா நான் எதுக்குப் போறேன்? தள்ளு."

பந்தி நடந்துகொண்டிருந்தது. முன்வாசல் வழியாகவே போனேன்.