சார்லஸ் மகளின் முகம்

பேருந்துக் கம்பியில் முழங்கையைக் கோத்துக்கொண்டு, கைபேசியை வாயருகே பிடித்துத் திட்டுகிறாள் ஆரோக்கியசெல்வி. "லூசாடி நீ? நா இன்னா ஒனக்கு வேலக்காரியா?" மூச்சு வாங்கும்வரை திட்டிவிட்டுக் கட்டைவிரலை இடப்பக்கம் இழுக்கிறாள். குரல்பதிவு போய்ச் சேராமலே அழிந்துபோகிறது. "வாயால சொல்லியாச்சி, வுட்டுறணும். அனுப்பினாத்தான் வம்பு" என்பது அவள் கட்சி. கரிக்கலாம்பாக்கத்தில் ஏறிப் பாகூர் வருவதற்குள் இரண்டு பேரையாவது இப்படித் தீர்த்துவிடுவாள். கல்லூரியில் இறங்கியதும் அவர்களுடைய சிப்ஸ் பாக்கெட்டிலேயே கையை விடுவாள்.

வயது பத்தொன்பது. வணிகவியல் இரண்டாம் ஆண்டு. கேட்காமலே நோட்டைக் கொடுப்பாள். திருப்பித் தராவிட்டால் வீட்டு வாசலில் போய் நிற்பாள்.

வகுப்புத் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் பதினான்கு பேர். கொட்டாவி, தும்மல், தூக்கம் என எவர் முகம் சிக்கினாலும் வெட்டி ஸ்டிக்கராக்கிவிடுவார்கள். கோபம் வந்தவர் குழுவைவிட்டு வெளியேறுவார்; சாயங்காலம் யாராவது மறுபடி சேர்த்துவிடுவார்கள். செல்வி மட்டும் ஒருமுறைகூட வெளியேறியதில்லை.

சென்ற மாதம் அவள் அப்பா சார்லஸின் முதலாண்டு நினைவு நாள். அடக்கத்தன்று எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் வைத்திருந்தாள். திறந்த பெட்டிக்குள் அப்பா. விளிம்பைப் பிடித்தபடி, வாய் கோணி அழும் மகள். மறுநாள் காலை அந்த அழுகை முகம் மட்டும் ஸ்டிக்கராகக் குழுவில் வந்து விழுந்தது. வெட்டியவள் வகுப்பில் பக்கத்தில் உட்காரும் வெண்ணிலா. அன்றே ஆளாளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். பஸ் வரவில்லையா, அந்த முகம். இன்டர்னல் மார்க் குறைந்ததா, அந்த முகம்.

"செல்வி இப்ப லெஃப்ட் ஆவும் பாரு" என்று எழுதினான் நவீன்குமார்.

அன்று அவள் மைக்கைத் தொடவில்லை. எழுத்திலேயே பதில் போட்டாள்: "நா இன்னாத்துக்குடா போவணும்?"

மதியம் குழாயடியில் வெண்ணிலா செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஃபன்னுக்குதான்டி செஞ்சேன். ஒங்கப்பா தெரியக் கூடாதுன்னு பாத்துப் பாத்துக் கட் பண்ணேன்டி."

மரியாதை செய்ததாகவே அவள் மனதார நம்பினாள். செல்விக்கு மூக்கு நுனி சிவந்தது.

"அதாண்டி தப்பு. எங்கப்பாவ எடுத்துட்டா நா எதுக்கு அழுவுறன்னு எவனுக்குத் தெரியும்?"

"டெலிட் பண்ணிடறேன்டி."

"எல்லார் போன்லயும் கீது. நீ ஒருத்தி டெலிட் பண்ணி?"

"அப்ப இன்னாதான் பண்ணச் சொல்ற? கால்ல வுழுவட்டுமா?"

"ச்சீ, எழவே. வா, சோறு துன்னலாம்."

தன் டப்பாவிலிருந்த முட்டையில் பாதியை அவளுக்கு வைத்தாள். கை கழுவி வந்து வெண்ணிலாவின் தோளோடு தோள் உரச உட்கார்ந்து, கைபேசியை எடுத்தாள். வாட்ஸ்அப் முகப்புப் படத்தில், மாதா கோயில் திருவிழாவில் பூ வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதை நீக்கினாள். அடக்கத்தன்றைய படத்தைத் தேர்ந்தெடுத்தாள். திரையிலிருந்த வட்டத்துக்குள் அவள் அழுகை முகம் மட்டுமே வந்தது.

வெண்ணிலா பார்த்துக்கொண்டே இருக்க, செல்வி இரண்டு விரல்களால் படத்தைக் கிள்ளிக் கிள்ளிச் சிறிதாக்கினாள். அப்பாவின் நெற்றியும் மூடிய கண்களும் வட்டத்துக்குள் வந்து சேரும்வரை.