தண்ணீர் படக்கூடாத துணி

இங்கிலாந்தில் காலைப் பேருந்தில் ஏறினால், பேங்கு மேனேஜர்கள் மாதிரி கோட்டும் சூட்டுமாய் ஒரு கூட்டம் சிப்ஸ் தின்றுகொண்டிருக்கும். வந்த புதிதில் மரியாதைக்கு நான் எழுந்து இடம்கூடக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்பது பிறகுதான் தெரிந்தது. நம்மூர்ப் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கு இங்கே சிக்ஸ்த் ஃபார்ம் என்று பெயர். அதுவரை போட்ட யூனிஃபார்மைக் கழற்றிவிட்டு ‘ஸ்மார்ட் சூட்’ போட்டு வர வேண்டும். கோட்டும் கால்சட்டையும் ஒரே துணியில் இல்லையென்றால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இந்த வருஷம் என் மகள் வர்த்தினிக்கு அந்த முறை வந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறப்பு. சனிக்கிழமை வரை சூட் அமையவில்லை. புதுத்துணிக் கடைகளில் பார்த்ததெல்லாம் மார்பைத் திறந்து காட்டியது, இல்லாவிட்டால் தொடையைக் கவ்விப் பிடித்தது. பெற்ற தகப்பன் நிமிர்ந்து பார்க்க முடியாத உடுப்பை எப்படி வாங்குவது? கடைசியில் அவளே, “அய்யா, என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சேரிட்டி ஷாப்லதான் எடுக்குறாக, வாங்க” என்று இழுத்துக்கொண்டு போனாள். ஊரார் கொடுக்கிற பழைய சாமான்களை விற்றுத் தர்ம காரியத்துக்குச் செலவழிக்கிற கடை அது.

உள்ளே அடித்த வாடை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. நாள்பட்ட வியர்வை, அதன்மேல் அடித்த சென்ட், பூட்டிக் கிடந்த பெட்டியின் புழுக்கம். வர்த்தினி ஒரு கருநீலச் சூட்டைப் போட்டுப் பார்த்தாள். அவளுக்கே அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. நான் கோட்டுப் பையில் கையை விட்டேன். மூக்குச் சிந்திய டிஷ்யூ ஒன்று காய்ந்து கல்லாகிக் கிடந்தது. அதில் பாதி சப்பிய மிட்டாய் ஒட்டியிருந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். கல்லாவில் இருந்த வெள்ளைக்கார அம்மா மலர்ந்த முகத்தோடு, அது தன் சிநேகிதியின் சூட் என்றார். சிநேகிதி போன மாதம் இறந்துவிட்டாராம். ஒரு சின்னப் பெண் போடுவது தெரிந்தால் சந்தோஷப்படுவாராம். வேண்டாம் தாயே என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன். நன்றி சொல்கிறேன் என்று நினைத்து, அவரும் கண் கலங்கக் கும்பிட்டார். அதற்குள் வர்த்தினி காசைக் கொடுத்துவிட்டாள்.

நான் பிறந்தது ராமேஸ்வரம் தீவில் இருக்கிற அக்காள்மடம். அமாவாசைக்கு அமாவாசை என் அய்யாவோடு ராமேஸ்வரம் போய் அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போடுவோம். வெளியூர்ச் சனங்கள் பாவம் தொலையட்டும் என்று, கட்டிய துணியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். சேறு பிடித்த சேலையும் வேட்டியும் காலடியில் வழுவழுவென்று கிடக்கும். ஒரு ஆடி அமாவாசையில் முழுகி எழுந்தபோது, ஈரச்சேலை ஒன்று என் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. யார் கட்டியதோ, எந்தச் சாவுக்கு அவிழ்த்ததோ! “ஏலே, கழிச்சுப் போட்டதுலே அது! தள்ளிவிட்டுட்டு மறுபடி முழுகு!” என்று அய்யா அதட்டினார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சேலையே இப்போது கோட்டாக உருமாறி என் வீட்டு ஹாலில் தொங்குவது போல இருந்தது.

ஊறவைத்து அலசிவிடலாம் என்றால், காலருக்குள் தைத்திருந்த லேபிளில் தண்ணீரில் நனைக்கக் கூடாது என்று போட்டிருந்தது. தண்ணீர் இல்லாமல் மருந்து போட்டு வெளுக்கிற ட்ரை க்ளீனிங் கடையில் கேட்டோம். திங்கட்கிழமைக்குள் ஆகாது என்றார்கள். நமக்கு எந்தத் தீட்டும் தண்ணீரில்தான் போகும். தண்ணீரே படக்கூடாத துணியை என்ன செய்வது? அதைப் போட்டுக்கொண்டா என் பிள்ளை முதல் நாள் படியேறுவது?

“உங்க அய்யா இங்கன வந்து வருஷமாச்சு. மூக்கு மட்டும் இன்னும் அக்காள்மடத்துலயே இருக்கு” என்றாள் என் மனைவி, மகளைப் பார்த்து.

“அங்கன கழிச்சு விட்டாக, அய்யா. இங்க குடுத்திருக்காக. ரெண்டும் ஒண்ணா?” என்றாள் மகள்.

அவள் சொன்னது நியாயம்தான். என் மனம்தான் ஒப்பவில்லை.

சாமி அலமாரியில் ஒரு பாட்டில் அக்னி தீர்த்தம் இருந்தது. ஊருக்குப் போனபோது நானே கடலில் முகந்து வந்தது. ஞாயிறு சாயங்காலம் விளக்கேற்றி, ‘ராமநாதா, நீதான் துணை’ என்று சூட்டின் மேல் கை நிறைய அள்ளித் தெளித்தேன். காலையில் பார்த்தால், கருநீலத் தோள் இரண்டிலும் வெள்ளை வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது.

“என்ன செஞ்சீக அய்யா! வாசல்லயே திருப்பி அனுப்பிருவாக!” வர்த்தினிக்கு அழுகை முட்டியது. பேருந்துக்கு நேரமாகிவிட்டது. அப்படியே மாட்டிக்கொண்டு ஓடினாள். ஜன்னலில் நின்று பார்த்தேன். பின்னாலிருந்து பார்க்க, செத்துப்போன அந்த அம்மாவே நடந்து போவது போல இருந்தது. வேலைக்குப் போயும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தாள். “வாசல்ல நின்ன மிஸ் பொடுகுன்னு நெனச்சுத் தட்டிவிட்டாக, அய்யா. அப்புறம் ‘வெரி ஸ்மார்ட்’னு உள்ள விட்டுட்டாக.”

பொடுகாம்! என் ராமநாதசாமி கடலின் உப்பைத் தட்டிவிட்டு அந்த மிஸ் கையைத் துடைத்திருப்பார், முகத்தைச் சுளித்திருப்பார்.

சூட் மறுபடி ஹேங்கரில் தொங்கியது. கிட்டப் போய்ப் பார்த்தேன். வலது தோளை மட்டும்தான் தட்டியிருக்கிறார். இடது தோளில் உப்பு அப்படியே இருந்தது. மற்ற இடத்தில் கை படாமல், அந்தத் தோளை மட்டும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.