சாவி முதலாளி பாக்கெட்டில்

கம்ப்யூட்டர் சொல்லித் தருகிற வேலையில் பாதிப் பொழுது கம்ப்யூட்டரைத் திறப்பதற்கே போய்விடும். பாஸ்வேர்டு மறந்து திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளின் கடைசியில் தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம், ஒரு மாடியில் எங்கள் சென்டர். ஒரே மெஷின். சொல்லிக்கொடுக்க நானும் ரோஸ்லினும்.

பூட்டு

அந்த மெஷினின் முகப்பில் ஒரு பூட்டு உண்டு. சாவியைத் திருப்பி எடுத்துவிட்டால் திரை எரியும், கீபோர்டு மட்டும் வேலை செய்யாது. ஒரு வியாழக்கிழமை முதலாளி சாவியோடு கல்யாணத்துக்குப் போய்விட்டார். அன்றைக்கு சாந்தியின் முறை. வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் அவளுக்கு. களையெடுப்பை விட்டுவிட்டு மொரப்பூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். "அடுத்த வாரம் வாம்மா" என்றேன். போகவில்லை. எழுத்தே விழாத திரையைப் பார்த்தபடி அந்த ஒரு மணி நேரமும் தட்டினாள். எழுந்தபோது சொன்னாள்: "பரவால்லீங்க அக்கா, இன்னிக்கு ஒரு தப்புகூட விழல."

வெளியே போகாதவர்

முனிரத்தினம் சார் ஐம்பது வயது கிளார்க். ஆபீசிலிருந்து பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். முடிந்ததும் லாக் அவுட் செய்ய மாட்டார். திரையை மட்டும் அணைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அடுத்தவர் திரையைப் போட்டால் சாருடைய கடிதம் அப்படியே நிற்கும். தினமும் அதே கடிதம்தான். தேன்கனிக்கோட்டைக்கு மாற்றல் வேண்டும், மனைவி அங்கே தனியாக இருக்கிறார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், "வேல முடிஞ்சா வெளிய போயிடணுங்க சார். நீங்க உள்ளயே இருக்கீங்க" என்றேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஆறு வருசமா அதத்தாம்மா நானும் கேக்கறேன், விடமாட்டேங்கறாங்க."

ரோஸ்லினின் பாஸ்வேர்டு

பெங்களூர் போய் புரோகிராம் எழுத வேண்டும் என்பாள் ரோஸ்லின். அதற்குள் வீட்டில் சட்டென்று கல்யாணம் பேசி முடித்தார்கள். திண்டுக்கல் போய்விட்டாள். மெஷினில் பாடக் குறிப்புகள் எல்லாம் அவள் பெயரில் இருந்தன. பாஸ்வேர்டு அவளுக்கு மட்டுமே தெரியும். சேலத்து மெக்கானிக் வருகிறேன் வருகிறேன் என்றாரே தவிர, வரவில்லை.

தினமும் அவள் பெயரை அடித்து, பாஸ்வேர்டு கேட்கிற இடத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பேன். அவள் அம்மா பெயர், அவர்கள் ஊர் மாதா கோவில், அவளுக்குப் பிடித்த பூ, எதைப் போட்டாலும் மெஷின் அசையவில்லை. இத்தனை நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் இவளைப் பற்றி என்ன தெரிந்துவைத்திருக்கிறேன் என்று தோன்றியது. கடைசியில் இன்லண்டு லெட்டர் எழுதினேன். உண்மையில், எழுத ஒரு சாக்கு கிடைத்ததே என்றுதான் எழுதினேன். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. அங்கே தண்ணீர்க் கஷ்டம், மாமியார் நல்லவர், இப்படியே இரண்டு பக்கம். ஓரத்தில் நுணுக்கி எழுதியிருந்தாள்: "பாஸ்வேர்டு பெங்களூர். இனிமே அது எனக்கு வேண்டாம், நீ வச்சுக்கடி."

உள்ளே நுழையத் தவித்தவர்களுக்கும் வெளியே போகத் தவித்தவர்களுக்கும் வழி சொல்லத்தான் என்னை வேலைக்கு வைத்திருந்தார்கள், அந்த வழி மட்டும் பல நாள் எனக்கே தெரிந்திருக்கவில்லை.